பிளாஸ்டிக் இலைக்குத் தண்ணீர் ஊற்றிய எட்டு மாதம்

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் தம்பி தங்கைகளே, ஓய்வுபெற்றவர்கள் எழுதும் அனுபவக் கட்டுரைகளில் எழுதுபவர் எப்போதும் நல்லவராகவே இருப்பார். அந்தச் சங்கடம் உங்களுக்கு வேண்டாம். சிங்கப்பூரின் தஞ்சோங் பகாரில் ஓர் அலுவலகக் கட்டடத்தில் எட்டு மாதம் நான் பிளாஸ்டிக் இலைகளுக்குத் தண்ணீர் ஊற்ற வைத்தேன். தினமும் காலையில், ஆட்கள் வேலைக்கு வரும் நேரமாகப் பார்த்து, ஏணி போட்டு, தெளிப்பான் பிடித்து, ஒரு நாள் தவறாமல். இனி நான் என்ன சொன்னாலும் இதை மனத்தில் வைத்துக்கொண்டு கேளுங்கள்.

உங்களிடம் டிப்ளோமா இருக்கிறது. நான் சேர்ந்தபோது என்னிடம் ஒரு ஈரத் துணிதான் இருந்தது. அலுவலகங்களுக்குச் செடிகளைக் கொண்டுபோய் வைத்து, துடைத்து, வாடினால் மாற்றுவது நம் தொழில். இருபத்தாறு வருடம் செய்தேன். அதில் நான் கற்றுக்கொண்ட முக்கியமான விஷயம் செடியைப் பற்றியது அல்ல, வாடிக்கையாளரைப் பற்றியது. அவருக்குச் செடி வேண்டும், மண் கூடாது. பூ வேண்டும், பூவைத் தேடி யாரும் வரக் கூடாது. இலை வேண்டும், உதிரக் கூடாது. ஒரு வங்கி அதிகாரி என்னைக் கூப்பிட்டு, வைத்த நாளில் இருந்த உயரத்திலேயே இருக்கும் செடியாகப் பார்த்துக் கொடுங்கள் என்று கேட்டார். வளர்கிற செடி அவர் கவனத்தைக் கலைக்கிறதாம். நான் சிரிக்காமல் குறித்துக்கொண்டேன். சிரிக்காமல் குறித்துக்கொள்வதை முதல் மாதமே பழகிக்கொள்ளுங்கள்.

இப்போது அந்தச் சுவருக்கு வருகிறேன். கட்டடத்தின் நுழைவுக்கூடம் இரண்டு பக்கமும் கதவில்லாமல் திறந்திருக்கும். ரயில் நிலையத்திலிருந்து மேலே ஏறி வருபவர்கள் அதன் வழியாகத்தான் மின்தூக்கிக்குப் போவார்கள். அங்கே ஒரு பக்கச் சுவர் முழுக்கச் செடி. இரண்டு பேருந்துகளை வரிசையாக நிறுத்திய நீளம், மூன்று ஆள் உயரம். இரும்புச் சட்டத்தில் ட்ரே ட்ரேயாகச் செடிகளை மாட்டி வைத்திருப்போம். இயற்கையோடு இணைந்த கட்டடம் என்று வாசலில் பித்தளைப் பலகை வேறு. சுவருக்குள் ஒளித்துவைத்த ஒலிபெருக்கியில் காலை எட்டு முதல் மாலை ஏழு வரை பறவைகள் பாடும். எந்த நாட்டுப் பறவைகள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. நம் ஊர்ப் பறவைகள் அவ்வளவு மரியாதையாகப் பாடி நான் கேட்டதில்லை.

சிக்கல் மேல் பாதியில்தான். சுவருக்கு மேலே உள்ள திறப்பில் ஏசி இயந்திரங்களின் அனல் வந்து விழும். உள்ளே இருபது மாடிக்குக் குளிர் கொடுத்து மிஞ்சிய சூடு முழுவதும் அந்தச் செடிகளின் தலையில். பத்து நாளில் கருகும். மாற்றுவோம். மறுபடி கருகும். ஒவ்வொரு கருகலுக்கும் எங்கள் நிறுவனத்துக்கு ஒரு கண்டனக் கடிதம் வரும். மூன்று கடிதம் வந்தால் ஒப்பந்தம் போய்விடும் என்பது விதி. இரண்டு வந்துவிட்டன. மூன்றாவது வராமல் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு மேற்பார்வையாளரான என் தலையில். இரண்டாவது கடிதம் வந்த அன்று மாலை நான் லிட்டில் இந்தியாவுக்குப் போனேன்.

சிராங்கூன் சாலைக்குப் பின்னால் ஒரு சந்தில் கல்யாண அலங்காரக் கடை ஒன்று இருந்தது. பிளாஸ்டிக் மாவிலைத் தோரணம், பிளாஸ்டிக் வாழைமரம், பிளாஸ்டிக் வெற்றிலைக் கொடி எல்லாம் கிடைக்கும். கடைக்காரர் பாய் தங்கமான மனிதர். நான் வெற்றிலைக் கொடியாக அள்ளி எடுத்ததைப் பார்த்து, "கல்யாணம் எந்த மண்டபத்துலம்மா?" என்றார்.

"பெரிய இடம் பாய். தஞ்சோங் பகார் பக்கம்."

அடுத்த மாதம் மறுபடி போனேன். அதற்கடுத்த மாதமும். "மொத்தம் எத்தன கல்யாணம் லா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திருக்காமல் மூட்டை கட்டிக் கொடுத்தார்.

இப்படி மேல் பாதி முழுவதும் மெல்ல மெல்லக் கல்யாண வீடானது. கீழ் பாதி மட்டும் உயிருள்ள செடி. கீழே மட்டும் தண்ணீர் தெளித்தால் சந்தேகம் வருமே என்று மேலேயும் தெளிக்கச் சொன்னேன். தெளித்தவர் முருகேசன். நாற்பது வயது, எங்கள் நிறுவனத்தின் வேலை அனுமதியில் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர். முதல் வாரம் ஏணி மேலிருந்து முகத்தைச் சீரியஸாக வைத்துக்கொண்டு, "அக்கா, இதுக்கு உரமும் போட்ருவமா?" என்று கேட்டார்.

யாரும் கண்டுபிடிக்கவில்லை என்பது மட்டுமல்ல, பாராட்டு வந்தது. கட்டடத்தின் நிர்வாகி தனபால் ஒரு நாள் என்னை நிறுத்தி, "பரிமளாக்கா, மேல இருக்கற செடி சூப்பர். கீழதான் கொஞ்சம் டல்லா இருக்கு. மேல என்ன போடுறீங்களோ அதையே கீழயும் போட்டுருங்க லா" என்றார். ஐந்தாவது மாடியில் வேலை செய்யும் ஒரு அம்மா, இந்தச் சுவர் வந்த பிறகு தன் மூக்கடைப்பு பாதி குறைந்துவிட்டது என்று என் கையைப் பிடித்துச் சொன்னார். நான் நன்றி சொன்னேன். வேறு என்ன சொல்வது?

எட்டாவது மாதம் ஒரு புகார் வந்தது. ஒலிபெருக்கி பழுது. பறவைச் சத்தம் ஒரே இடத்தில் மாட்டிக்கொண்டு, ட்விட் ட்விட் ட்விட் என்று திரும்பத் திரும்ப வருகிறதாம். நான்கு அலுவலகங்கள் எழுத்தில் புகார் கொடுத்திருந்தன. தனபால் ஒலி நிறுவனத்தின் ஆளை வரவழைத்தார். அவர் அரை மணி நேரம் கம்பியைப் பிரித்துப் பார்த்துவிட்டு, கடைசியில் மொத்த ஒலிபெருக்கியையும் நிறுத்தினார். ட்விட் ட்விட் நிற்கவில்லை.

"ஆஃப் பண்ணியும் பாடுது. வைரஸ் ஏறிருச்சுபோல" என்றார் தனபால்.

கண்டுபிடித்தவர் முருகேசன். கட்டைவிரல் அளவு ஒரு பறவை, பச்சை முதுகு, செம்பழுப்பு நெற்றி, தூக்கிய வால். தையல்சிட்டு என்று பிறகு தெரிந்துகொண்டோம். அந்தச் சின்ன உடம்பிலிருந்து அவ்வளவு சத்தம் வருவதை நேரில் பார்த்தால்தான் நம்ப முடியும். பாடிய பறவை சுவரில் புகுந்து வெளியே வந்தது. என் தலை உயரத்தில், உயிருள்ள மணிபிளாண்ட் கொடியில், ஒரு பெரிய இலை குழாய்போலச் சுருண்டிருந்தது. உள்ளே பஞ்சு. பஞ்சுக்கு நடுவே மூன்று முட்டை.

ஏணியில் ஏறிப் பார்த்தபோது இன்னொன்றும் தெரிந்தது. மேலே இருந்த பிளாஸ்டிக் வெற்றிலைகள் பலவற்றின் ஓரத்தில் அலகால் குத்திப் பார்த்த அடையாளம். குத்திப் பார்த்து, இது ஆகாது என்று விட்டுவிட்டு, உண்மையான இலையைத் தேடிக் கீழே வந்திருக்கிறது. எட்டு மாதத்தில் எங்கள் திருட்டைக் கண்டுபிடித்த முதல் ஆள் அதுதான். புகார் எழுதத் தெரியாத ஆளாக இருந்தது என் அதிர்ஷ்டம்.

தனபாலிடம் சொன்னேன். அவருக்கு முகம் மாறிவிட்டது. அதிலிருந்து மூன்றாவது வாரம் வெள்ளிக்கிழமை பசுமைக் கட்டட விருதுக் குழு பார்வையிட வருவதாக இருந்தது. அந்த விருதுக்காக அவர் ஒரு வருடம் அலைந்திருந்தார்.

"எடுத்துருங்க அக்கா. இது நேச்சர் வால். இதுல பறவையெல்லாம் வரலாமா?"

"பறவைச் சத்தத்துக்கு ஸ்பீக்கர் வெச்சிருக்கீங்களே, தனபால்."

"ஸ்பீக்கர் எச்சம் போடாது லா." பிறகு குரலைத் தாழ்த்தினார். "உங்களால முடியலன்னா சொல்லுங்க. வேற கம்பெனிய கூப்பிட்டு மொத்த சுவரையும் புதுசா பண்ணிடறேன்."

கூட்டைத் தொடுவது சட்டப்படி தவறு என்று அவரிடம் சொல்லியிருக்கலாம். சொன்னால் அரசாங்க அலுவலர்களைக் கூப்பிட்டுக் கேட்பார். அவர்கள் வருவார்கள், ஏணி ஏறுவார்கள், என் வண்டவாளம் தண்டவாளத்தில் ஏறும். வேறு நிறுவனம் வந்தாலும் அதே கதைதான். ஒப்பந்தம் போனால் என் வேலை போகும். அதைவிட, அந்தக் கட்டடத்துக்கென்று எடுத்த ஆளான முருகேசனின் வேலை அனுமதி அடுத்த மாதம் புதுப்பிக்க வேண்டியிருந்தது. கட்டடம் போனால் அவரும் விமானம் ஏற வேண்டியதுதான். ஊரில் அவருடைய மகள் நர்ஸிங் இரண்டாம் வருடம் படித்துக்கொண்டிருந்தாள். இப்படி எல்லாவற்றையும் யோசித்துத்தான் அவரிடம் போய், கூட்டை எடுத்துவிடுங்கள் என்றேன். நான் செய்த தவறுகளில் இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கூட்டை மேலிருந்து பார்ப்பதற்காக முருகேசன் ஏணியில் இரண்டு படி ஏறினார். பத்து நிமிடம் அப்படியே நின்றார். வெறுங்கையோடு இறங்கினார்.

"அக்கா, அந்த இலைய தெச்சிருக்கு."

"என்னது?"

"தெச்சிருக்குக்கா. ரெண்டு ஓரத்தையும் சேத்து ஓட்ட போட்டு நூல் கோத்திருக்கு. நூலு எது தெரியுமா? நம்ம க்ளீனர் ஆன்ட்டி மாப்புல இருந்து உருவுனது."

அவர் கிராமத்து மனிதர், அதனால் பறவை என்றால் உருகுகிறார் என்று நினைத்தேன். கேட்டும்விட்டேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"நான் திருப்பூர்க்கா. பனியன் கம்பெனில பதினோரு வருசம் மெஷின் ஓட்டுனவன். எனக்குத் தெரிஞ்ச ஒரே பறவ பிராய்லர் கோழி. நான் சொல்றது தையல பத்தி. ஒவ்வொரு தையலுக்கும் தனித்தனியா முடிச்சு போட்ருக்கு. ஒண்ணு அந்தாலும் இன்னொண்ணு நிக்கும். நாங்க மெஷின்ல ஓட்டுறது ஒரு நூல இழுத்தா மொத்தமும் உருவிக்கிட்டு வந்துரும். மெஷினும் இல்ல, கையும் இல்ல, வாயாலேயே இத்தன நேர்த்தியா தெச்சத என்னால பிரிக்க முடியாது."

"உங்க பெர்மிட் அடுத்த மாசம், முருகேசன்."

"தெரியும்க்கா. நீங்க வேணா ஏறிப் பிரிங்க."

நானும் ஏறினேன். தையல்களைப் பார்த்தேன். இறங்கிவிட்டேன். தனபாலிடம் போய், கூட்டை எடுத்தாயிற்று என்று சொன்னேன். ஒரு பொய்யைக் காப்பாற்ற இன்னொரு பொய் சொன்னால் ஒரு பயம் இருக்கும். அன்று எனக்கு அது வரவில்லை, லேசாகச் சந்தோஷமாகக்கூட இருந்தது.

இனி கூடு வெளியே தெரியாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பக்கத்து ட்ரேயின் கொடியை இழுத்து விட்டு, பறவை போய்வர மட்டும் வழி வைத்தோம். சத்தத்துக்கு என்ன செய்வது என்று யோசித்தேன். ஒலி நிறுவனத்து ஆளிடம் நைசாகப் பேசி, ஒலிபெருக்கியை மறுபடி போட்டு, சத்தத்தைக் கூட்டி வைக்கச் சொன்னேன். பதிவுசெய்த பறவைகள் கத்திய கத்தலில் உண்மையான பறவை காணாமல் போய்விட்டது. இரண்டு அலுவலகங்களிலிருந்து நன்றிக் கடிதம் வந்தது. பழுது பார்த்த பிறகு ஒலிபெருக்கி மிகவும் இயற்கையாக இருக்கிறதாம்.

விருதுக் குழு வருவதற்கு ஐந்து நாள் முன்னால் முட்டைகள் பொரிந்தன. மூன்று குஞ்சு, மூன்று வாய். அம்மாவும் அப்பாவும் ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை புழுவோடு வந்து போயின. முருகேசன் கைப்பேசியில் நேரம் பார்த்துவைத்து எனக்குச் சொல்வார். பனியன் கம்பெனியில் இந்த வேகத்துக்கு ஷிப்டு அலவன்ஸ் உண்டு என்றார்.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு மூன்று நடுவர்கள் வந்தார்கள். தலைவர் நரைத்த தலை, உயரமான மனிதர். தனபால் புது கோட்டில், மனப்பாடம் செய்த உரையோடு நின்றார். எல்லாம் ஒழுங்காகப் போனது. சுவர் ஓரமாக நடந்துகொண்டே வந்த தலைமை நடுவர், சரியாக அந்த இடத்தில் நின்றார். இந்த இலை ஏன் இப்படிச் சுருண்டிருக்கிறது, ஏதாவது நோயா என்று ஆங்கிலத்தில் கேட்டார். தனபால் பதறி, கிள்ளிப்போட கையை நீட்டினார்.

"தொடாதீங்க, தனபால். உள்ள குஞ்சு இருக்கு" என்று தமிழில் சொல்லிவிட்டு, நடுவருக்காக ஆங்கிலத்திலும் சொன்னேன்.

தனபால் என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்கவில்லை. ஆனால் நடுவரின் முகம் மலர்ந்துவிட்டது. குனிந்து பார்த்தார். மற்ற இருவரையும் கூப்பிட்டார். பத்து வருடமாக இப்படி ஒன்றைத்தான் தேடிக்கொண்டிருந்தோம் என்றார். தனபாலும் லேசுப்பட்டவர் அல்ல. ஒரே மூச்சில், பறவைகள் வந்து கூடு கட்டுவதற்காகவே இந்தச் சுவரை வடிவமைத்தோம் என்று சொல்லிவிட்டு, எனக்கு மட்டும் தெரியும்படி கண்ணடித்தார். விருது கையில் விழுந்த மாதிரிதான். என் வேலை, முருகேசன் பெர்மிட், தனபாலின் ஒரு வருட அலைச்சல், எல்லாம் ஒரே நிமிடத்தில் சரியாகிவிட்டது. இங்கே இந்தக் கட்டுரையை முடித்தால் நான் கெட்டிக்காரி.

அப்போதுதான் கைப்பேசிகள் வெளியே வந்தன. நடுவர்கள் மூவர், தனபாலின் ஆட்கள் நால்வர். வழியில் போனவர்கள் என்ன கூட்டம் என்று எட்டிப் பார்த்து, அவர்களும் நின்றார்கள். சோ கியூட் லா என்றார்கள். ஒருவர் கொடியை விலக்கினார். இன்னொருவர் வெளிச்சம் போட்டார். மூக்கடைப்பு அம்மா கூட்டுக்கு முதுகைக் காட்டி நின்று தன்னைத்தானே படம் எடுத்துக்கொண்டார். கொஞ்சம் தள்ளி நில்லுங்கள் என்று நான் ஒவ்வொருவரிடமும் கெஞ்சினேன். ஒரே நிமிஷம் என்று ஒவ்வொருவரும் சொன்னார்கள். யாரும் பொய் சொல்லவில்லை. ஒவ்வொருவரும் ஒரே நிமிடம்தான் எடுத்துக்கொண்டார்கள். அவர்கள் நாற்பது பேர் இருந்தார்கள்.

அம்மாச் சிட்டு எதிர்ப்புறக் கைப்பிடிக் கம்பியில் உட்கார்ந்திருந்தது. வாயில் ஒரு பச்சைப் புழு. பறந்து கிட்டே வரும், தலைகளைப் பார்த்துவிட்டுத் திரும்பும். அப்பாச் சிட்டு கத்திக்கொண்டே இருந்தது. ஒலிபெருக்கி சத்தத்தில் அது யார் காதிலும் விழவில்லை. அந்த ஏற்பாட்டைச் செய்தவளும் நான்தான்.

முருகேசன் என் பக்கத்தில் வந்து நின்றார். "அக்கா, முப்பத்தெட்டு நிமிசம் ஆச்சு. ஒரு குஞ்சு வாயத் தொறக்க மாட்டேங்குது."

நெருக்கடியில் என்ன செய்ய வேண்டும் என்று உங்களுக்குப் பயிற்சி வகுப்பில் சொல்லியிருப்பார்கள். எனக்கு அப்போது ஒன்றே ஒன்றுதான் தோன்றியது. இவர்கள் அந்தக் கூட்டை வெறுத்திருந்தால் நான் தடுத்திருப்பேன். இவர்களுக்கு அது பிடித்துப்போய்விட்டது. பிடித்துப்போனவர்களை விலக்குவதற்கு என்னிடம் ஒரு வழியும் இல்லை. இதைவிடப் பெரிய வேடிக்கை ஒன்றைக் காட்டினால்தான் நகர்வார்கள். அப்படி ஒரு வேடிக்கை என் கையிலேயே எட்டு மாதமாக இருந்தது.

முருகேசனைப் பார்த்தேன். நான் என்ன நினைக்கிறேன் என்று அவருக்குப் புரிந்தது.  கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"சார்" என்று நடுவரைக் கூப்பிட்டேன், நாலு பேருக்குக் கேட்கிற மாதிரி. "இந்தச் சுவரில் மேல் பாதி பிளாஸ்டிக்."

ஒரு நொடி யாருக்கும் விளங்கவில்லை. நான் சுவரின் மறுகோடிக்கு விறுவிறுவென்று நடந்தேன். அங்கே ஏணி இருந்தது. ஏறி, ஒரு கொடியைப் பிடித்து இழுத்தேன். பதினைந்து அடி வெற்றிலைக் கொடி சரசரவென்று கீழே வந்து விழுந்தது. அதன் பின்னால், நான் கடையில் கவனிக்காமல் வாங்கிய பிளாஸ்டிக் சாமந்திச் சரம் ஒன்றும் சேர்ந்து வந்து நடுவரின் காலடியில் விழுந்தது.

அவ்வளவு பேரும் ஓடி வந்தார்கள். நாற்பது கைப்பேசியும் இந்தப் பக்கம் திரும்பின. நடுவர் ஓர் இலையை எடுத்து மடக்கிப் பார்த்தார், மோந்துகூடப் பார்த்தார். தனபால் வாய் திறந்தபடி நின்றார். யார் வைத்தது, எப்போதிலிருந்து, ஏன் என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். எல்லாவற்றுக்கும் நான் நிதானமாக, முடிந்தவரை நீட்டி முழக்கிப் பதில் சொன்னேன். வாழ்க்கையில் அவ்வளவு விரிவாக நான் எதையும் ஒப்புக்கொண்டதில்லை. பேசிக்கொண்டே கூட்டத்தின் தலைகளுக்கு மேலே மறுகோடியைப் பார்த்தேன். கூட்டுக்கு நாலடி தள்ளி, முதுகைக் காட்டிக்கொண்டு முருகேசன் காவல் நின்றார். கம்பியிலிருந்து சிட்டு கிளம்பியது. கொடிக்குள் போனது. வெளியே வந்தபோது வாயில் புழு இல்லை.

விருது கிடைக்கவில்லை. ஒப்பந்தமும் போனது. முதலாளி என்னைக் கூப்பிட்டு, எட்டு மாதமாக யாருமே கண்டுபிடிக்கவில்லையா என்று கேட்டார். ஒரு குருவி கண்டுபிடித்தது என்றேன். அவர் சிரிக்கவில்லை. பிளாஸ்டிக் யோசனை முழுக்க என்னுடையது, நான் சொன்னதைத்தான் முருகேசன் செய்தார் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அவரை வேறு கட்டடத்துக்கு மாற்றி பெர்மிட்டைப் புதுப்பித்தார்கள். என்னை மேற்பார்வையிலிருந்து எடுத்து, பாசிர் ரிஸ் பக்கம் இருந்த நாற்றங்காலில் தொட்டிக்கு மண் நிரப்பப் போட்டார்கள். ஓய்வுபெறும்வரை அங்கேதான் இருந்தேன்.

அதற்காக எனக்கு வருத்தம் கிடையாது. வருத்தம் வேறொன்றில். அந்த அம்மா என் கையைப் பிடித்து மூச்சு விட முடிகிறது என்று சொன்னபோது நான் உண்மையைச் சொல்லவில்லை. இரண்டாயிரம் பேர் தினமும் அந்தச் சுவரைப் பார்த்து ஆறுதல் அடைந்தபோதும் சொல்லவில்லை. மனிதர்களுக்காக நான் அதைச் சொல்லியிருக்கவே மாட்டேன். இது பெருமைப்படுகிற விஷயம் இல்லை. எனக்கு இன்றைக்கும் வெட்கமாகத்தான் இருக்கிறது.

நடந்ததில் மிச்சம் ஒன்று இருக்கிறது. அந்த ஞாயிற்றுக்கிழமை தனபாலிடமிருந்து அழைப்பு வந்தது. திட்டப்போகிறார் என்று எடுத்தேன்.

"நாளைக்கு உங்க ஆளுங்க வந்து சுவர கழட்டணும்."

"சரி, தனபால்."

அவர் அழைப்பைத் துண்டிக்கவில்லை. "கீழ அந்த ஒரு ட்ரே மட்டும் அடுத்த வாரம் கழட்டுங்க. ஏன்னு கேட்காதீங்க. உங்க மேல இருக்கற கோபம் எனக்கு இன்னும் போகல."

நான் கேட்கவில்லை. ஒரு வாரம் அந்த நீண்ட சுவரில் வெறும் இரும்புச் சட்டம், நடுவில் ஒற்றை ட்ரே. ஒலிபெருக்கியையும் கழற்றிவிட்டார்கள். அடுத்த திங்கட்கிழமை நான் அரைநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு காலை எட்டரைக்குப் போனேன். முருகேசன் முன்பே வந்திருந்தார். இரண்டு குஞ்சுகள் விடிந்ததும் பறந்துவிட்டன என்றார். அன்று வாயைத் திறக்காமல் கிடந்த மூன்றாவது குஞ்சு இலையின் விளிம்பில் உட்கார்ந்து யோசித்துக்கொண்டிருந்தது.

அது குதித்த நேரமும் ரயிலிலிருந்து கூட்டம் மேலே ஏறி வந்த நேரமும் ஒன்றாக இருந்தது. குஞ்சு பறக்கவில்லை. பளிங்குத் தரையின் நடுவில் விழுந்து, இறக்கையை விரித்தபடி உட்கார்ந்துவிட்டது. கைப்பேசியைப் பார்த்தபடி இருநூறு ஜோடிக் காலணிகள் அதை நோக்கி வந்துகொண்டிருந்தன. நானும் முருகேசனும் தூரத்தில் இருந்தோம். எங்கிருந்து வந்தார் என்று தெரியவில்லை, தனபால் கோட்டும் டையுமாகக் கூட்டத்துக்கு முன்னால் பாய்ந்து, இரண்டு கைகளையும் அகல விரித்து நின்றார்.

"நில்லுங்க. எல்லாரும் நில்லுங்க லா. ஒரு நிமிஷம்" என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் கத்தினார்.

இருநூறு பேரும் நின்றுவிட்டார்கள். குஞ்சு ஒரு தத்து, இரண்டு தத்து. பிறகு எம்பியது. தரையிலிருந்து முழங்கால் உயரம், இடுப்பு உயரம், அப்படியே திறந்த பக்கம் வழியாகத் தெருவோர மரத்துக்குள் போய் மறைந்தது. அம்மாச் சிட்டின் ட்விட் ட்விட் அங்கிருந்து கேட்டது.

முன்வரிசையில் நின்ற ஒருவர் கைப்பேசியிலிருந்து தலையை நிமிர்த்தி, எதற்காக நிறுத்தினீர்கள் என்று எரிச்சலோடு கேட்டார். தனபால் மெதுவாகக் கையை இறக்கினார். டையைச் சரிசெய்துகொண்டார்.

"தரை ஈரமா இருக்கு" என்றார்.

தரையில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. ஆனால் இருநூறு பேரும் குனிந்து தரையைப் பார்த்து, ஒவ்வோர் அடியாகப் பார்த்துப் பார்த்து வைத்து நடந்து போனார்கள்.